ஆச்சிக்கு இல்லாத சர்க்கரை எனக்கு எப்படி வந்தது?

வாசகர் கேள்வி: 2024 மார்ச் 3

நம் முன்னோர் கம்பும் கேழ்வரகும் உண்டு, மருந்து மாத்திரை என்றால் என்னவென்றே தெரியாமல் நூறு வயது வாழ்ந்தார்கள். நாம் வெள்ளை அரிசிக்கு மாறினோம், சர்க்கரை நோய் வந்துவிட்டது. அவர்களுடைய சாப்பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் அப்படியே திரும்பினால் வந்த நோய் போய்விடும் என்பது என் கருத்து. இங்கே யாராவது முழுதாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

2024 மார்ச் 4

இருக்கிறேன். முழுதாக என்று சொல்ல முடியாது, இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். வயது 46, மதுரையில் கணக்கு எழுதும் வேலை, எடை 83 கிலோ. ஜனவரியில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c என்ற பரிசோதனை) 8.4 சதவீதம். பிறந்தது விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். எங்கள் ஆச்சி கம்மஞ்சோறு சாப்பிட்டே 81 வயது வரை இருந்தாள். கடைசி வருடம் வரை காட்டுக்குப் போய்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை.

ஆனால் அந்த நூறு வயதுக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆச்சி பெற்றது எட்டு, நிலைத்தது நான்கு. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. நூறு வயதுத் தாத்தா ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார். மற்றவர்கள் சீக்கிரமே சுடுகாட்டுக்குப் போய்விட்டதால் அவர்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அதே நாள், இரவு

"அவளுக்குச் சர்க்கரை இல்லை" என்று காலையில் எழுதினேன். படுத்த பிறகு உறுத்தியது. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. குதிகாலில் ஒரு புண் ஆறவே இல்லை. அம்மாவிடம் கேட்டால், "முள் குத்தியது, அவ்வளவுதான்" என்கிறாள். முள் மட்டும்தானா?

2024 மார்ச் 19

எப்படித் தொடங்குவது என்று கேட்ட நண்பருக்கு: நான் தொடங்கியதைப் போலத் தொடங்க வேண்டாம். கடையில் கம்பு மாவு பாக்கெட் வாங்கினேன். களி கிண்டினால் கசப்பு. என் கைப்பக்குவம் என்று நினைத்து இன்னொரு பாக்கெட் வாங்கினேன், அதுவும் கசப்பு. அம்மா தொலைபேசியில் சிரித்தாள். கம்பில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்பு கூடுதல். இடித்து மாவாக்கிய நேரத்திலிருந்து அதிலுள்ள நொதிகள் அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சில நாளில் காறல் வாடை வந்துவிடும். முழுத் தானியமாகக் கிடந்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆச்சி தினமும் விடியும் முன் கம்பு குத்தியதற்கு இதுதான் காரணம். அவளுக்கு வேறு வேலை இல்லையோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

பிறகு அம்மா பாடம் எடுத்தாள். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறிச் சற்று நேரம் வைக்க வேண்டும். உரலில் குத்தி, புடைத்துத் தவிட்டைப் போக்கி, மறுபடியும் இடித்துச் சலித்தால் மேலே நொய், கீழே மாவு. உலை கொதித்ததும் முதலில் நொய். அது வெந்த பிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கைவிடாமல் கிண்ட வேண்டும். இறக்கி ஆறியபின் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோரூற்றிக் கரைத்துக் குடிக்கலாம். இரவில் சூட்டோடு சாப்பிடுவதானால் கானத்துவையல், இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு. எங்கள் பக்கம் கொள்ளுக்குக் கானம் என்று பெயர்.

அடுக்குமாடி வீட்டில் உரலுக்கு எங்கே போவது? மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்தேன். நொய் வரவில்லை, எல்லாம் மாவாகவே போனது. பரவாயில்லை, கூழ் காய்ச்சிக்கொள்கிறேன்.

2024 ஏப்ரல் 2

எடை 79.5. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 118. மதியம் கண்ணைக் கட்டும் தூக்கம் போயே போய்விட்டது. காலை ஒரு செம்பு கம்மங்கூழ், பதினொரு மணிக்குக் கருப்பட்டிக் காபி, மதியம் கேழ்வரகுக் களி, இரவு ஏழு மணிக்கு மறுபடியும் கூழ். அரிசியில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. மாத்திரையையும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. ஆச்சி மாத்திரையா போட்டாள்?

கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னது சரி என்றுதான் தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 26

மேலே இருப்பதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அசட்டுத்தனத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்றைப் பதினான்கு நாள் போட்டுக்கொண்டேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை எவ்வளவு என்று போனில் கோடு வரைந்து காட்டும். முதல் நாள் காலை கம்மங்கூழ் குடித்து ஐம்பதாவது நிமிடம்: 214. கருவி கோளாறு என்று நினைத்து விரலைக் குத்திப் பார்த்தேன், 209. பிப்ரவரியில் அரிசிச் சோறு சாப்பிட்டுப் பார்த்தபோது 221. ஆக, ஒன்றரை மாத நாக்குத் தியாகத்துக்குக் கிடைத்த பலன் ஏழு புள்ளி. கேழ்வரகுக் களி 196. கருப்பட்டிக் காபிக்கு மட்டும் நாற்பது புள்ளி ஏறியது. பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கருப்பட்டிக்கு மணம் உண்டு, சத்தும் கொஞ்சம் உண்டு, சலுகை கிடையாது.

டாக்டரிடம் போனேன். மாத்திரையை நிறுத்தியதற்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுதவில்லை. கூழ் விஷயத்தை மட்டும் பொறுமையாக விளக்கினார். நைசாக அரைத்து, நெடுநேரம் கொதிக்க வைத்து, நீர்க்கக் கரைத்த மாவு குடலுக்கு வேலையே வைக்காது. குடித்த வேகத்திலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடும். அது கம்பா அரிசியா என்பது அப்புறம்தான்.

"உங்கள் ஆச்சி மாத்திரை போடவில்லை, சரி. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார். நான் நிறுத்திய மாத்திரையான மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் புழங்கிய ஒரு செடியாம். அதுவும் யாரோ ஒருவருடைய முன்னோர் மருந்துதான், போடுங்கள் என்றார்.

போட்டுக்கொண்டிருக்கிறேன்.

2024 ஏப்ரல் 27

"அற்புதம், நானும் மாத்திரையை நிறுத்தப்போகிறேன்" என்று எழுதிய நண்பர் கவனத்துக்கு: மேலே இருப்பதைப் படியுங்கள். முழுதாகப் படியுங்கள்.

2024 மே 15

இங்கே ஒருவர் கம்பும் வேண்டாம் கேழ்வரகும் வேண்டாம், தானியமே மனிதனுக்கு ஆகாது, பேலியோவுக்கு வாருங்கள், கறியும் முட்டையும்தான் ஆதி உணவு என்கிறார். இன்னொருவர் சங்க காலத்துக்குப் போகச் சொல்கிறார். முன்னோர் என்றால் எந்த முன்னோர் என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சங்க காலம் என்று சொன்னவருக்கு: புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்கிறார். வரகு, தினை, கொள்ளு, அவரை. கம்பு அதில் இல்லை, கேழ்வரகும் இல்லை. இரண்டும் ஆப்பிரிக்காவில் முதலில் பயிரானவை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்தவை. சோளமும் அப்படியே. அந்த நான்கிலும் தினை சீனாவில் பயிராகத் தொடங்கியது. இந்த மண்ணில் பயிராக்கப்பட்டவை வரகு, சாமை, கொள்ளு போன்றவை. ஆச்சி கம்மஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட மிளகாய் வற்றல் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து ஐந்நூறு வருடம்தான் ஆகிறது. மிளகாய் இல்லாத ஆச்சியை எனக்குத் தெரியாது.

பேலியோ நண்பருக்கு: உங்கள் முறையில் சர்க்கரை இறங்குகிறது, மறுக்கவில்லை. மாவுச்சத்தே உள்ளே போகாவிட்டால் இறங்கத்தானே செய்யும். ஆனால் பத்து முட்டையும் பாதாமும் வெண்ணெயும் சாப்பிட்ட முன்னோர் எங்கள் வம்சத்தில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. முட்டை வந்தால் விற்றுவிடுவார்கள்.

2024 ஜூன் 9

ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது. தனியாகத்தான் இருக்கிறாள், மதுரைக்கு வரமாட்டாள். உரல் தொழுவத்தில் குப்புறக் கிடந்தது, அதன்மேல் கோழி. நிமிர்த்திக் கழுவி, "இன்றைக்குக் கம்மஞ்சோறு போடு" என்றேன்.

"உனக்கு வேண்டுமானால் நீ குத்திச் சாப்பிடு. நான் குத்தினது போதும்" என்றாள்.

இரவு கட்டிலில் உட்கார்ந்து அவளாகவே பேசினாள். அவள் சிறுமியாக இருந்தபோது நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, இழவுக்கு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவருக்கு மட்டும் ஒரு கை அரிசி பொங்குவார்கள். அவர் சாப்பிட்டு மிச்சம் வைப்பாரா என்று கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் நிற்கும். பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டாய் என்று வாத்தியார் கேட்டால் கம்மஞ்சோறு என்று சொல்ல வெட்கம். கம்பு குத்தினால் சுணை கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டி அரிக்கும், குளிக்கத் தண்ணீர் இருக்காது. குத்தி முடித்துத்தான் பருத்தி எடுக்கப் போக வேண்டும். ஆனி ஆடியில் குதிர் காலியாகிவிடும். அப்போது ஒரு வேளைக் கூழ், மற்ற வேளை தண்ணீர்.

1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. சொன்னபோது அவளுக்கு 13 வயது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் பாட்டாகவே பாடினார்களாம். ஆட்சி வந்ததும் ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது, கரிசல் காட்டுக்கு வரவில்லை. பின்னால் ரேஷன் கடை வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். "ரேஷன் அரிசியை மட்டமாகப் பேசாதே" என்றாள். "அது வந்த பிறகுதான் இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ராத்திரி அடுப்பு எரிந்தது."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஆரோக்கியம் என்று தேடிக்கொண்டு வந்ததை அவள் தப்பித்து வந்த இடம் என்று நினைக்கிறாள்.

கிளம்பும்போது சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தேன், ஒரு சொட்டு ரத்தம் கொடு என்றேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

2024 ஜூலை 2

ஒரு மருத்துவ மாணவர் என் 32 வயதுக் கணக்கைப் பிடித்திருக்கிறார். பிடித்தது சரி. சராசரி 32 என்றால் எல்லோரும் முப்பதில் செத்தார்கள் என்று பொருள் இல்லை. பிறந்த வருடத்திலேயே போன பிள்ளைகள் சராசரியைக் கீழே இழுக்கின்றன. ஐந்து வயதைத் தாண்டியவர்கள் அதைவிட நெடுங்காலம் இருந்தார்கள். ஆச்சி வீட்டிலேயே அதுதான் நடந்தது, நான்கு பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே போனார்கள். அந்த நான்கும் தின்றது தாய்ப்பாலும் கம்பங்கஞ்சியும்தான். சாப்பாடு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அது போதும்.

2024 ஆகஸ்ட் 11

முன்னோர் வாழ்க்கையில் சாப்பாட்டுக்கு அடுத்தது வெறுங்கால் நடை என்று இங்கே பலரும் எழுதியிருந்தீர்கள். மண்ணோடு தொடர்பு, நரம்புக்கு நல்லது, இன்னும் என்னென்னவோ. ஜூலையில் ஊருக்குப் போனபோது காலையில் காட்டுப் பாதையில் செருப்பில்லாமல் நாலு கிலோமீட்டர் நடந்தேன். சுகமாகத்தான் இருந்தது. மாலையில் தரையில் ரத்தக்கறை இருப்பதை அம்மாதான் பார்த்தாள். உள்ளங்காலில் முள் ஒன்று ஒடிந்து உள்ளே நின்றிருக்கிறது. எனக்கு வலிக்கவே இல்லை.

வலிக்காததுதான் விஷயம். டாக்டர் ஒரு நைலான் இழையைக் காலில் இடம் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். மூன்று இடத்தில் தெரியவில்லை. நரம்பு மரத்துப்போகத் தொடங்கிவிட்டது. நான்கு வாரம் கட்டு. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்கூடச் செருப்பு போட வேண்டும் என்கிறார். வெறுங்கால் யோசனை சொன்னவர்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் கால் நல்ல கால்.

அந்த முள்ளாவது முன்னோர் முள்ளா? சீமைக்கருவேலம். வெள்ளைக்காரன் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது ஆச்சியின் குதிகால் நினைவாகவே இருந்தேன். அவளுக்கும் முள் குத்தியது தெரியவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்போது அதை அவளுடைய பொறுமை என்று நினைத்தோம்.

2024 ஆகஸ்ட் 13

"ஊருணித் தண்ணீர் அமிர்தம், அதைக் குடித்துத்தான் அவர்கள் திடமாக இருந்தார்கள்" என்று எழுதியவருக்கு ஒரே சொல்: நரம்புச்சிலந்தி. இறங்கிக் குடிக்கும் நீர்நிலைகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரை விழுங்கினால், ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் கண்டு, அதன் வழியே ஒன்றிரண்டு முழ நீளப் புழு வெளியே வரும். அறுந்துவிடாமல் குச்சியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். அம்மாவின் தாய்மாமா அப்படிப் படுத்துக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்தான். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

2024 செப்டம்பர் 22

உரலை மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். சரக்கு ஆட்டோவில் ஏற்றி, இரண்டு பேர் உருட்டி, தரைத்தளத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் வாசல் ஓரம் வைத்தாயிற்று. உலக்கையில் பூண் கழன்றிருந்தது, பட்டறையில் புதிது அடித்தேன்.

முதல் நாள் இருநூறு கிராம் கம்பு குத்த நாற்பது நிமிடம். சட்டை நனைந்து, உள்ளங்கையில் கொப்புளம். கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 131 என்றது. அந்த நாற்பது நிமிடத்துக்குக் கிடைத்தது ஒருவேளைச் சோறு. ஆச்சி எட்டுப் பேருக்குக் குத்தினாள். பிறகு காட்டுக்கு நடந்தாள். பிறகு களை எடுத்தாள். சென்சாரைத் திரும்பவும் ஒட்டியிருந்தேன். கம்பு குத்தி, ஒன்றும் பாதியுமாக இடிபட்ட நொய்யில் சோறு ஆக்கிச் சாப்பிட்டால் 149. அதே கம்பு, மிக்ஸியில் கூழாகும்போது 214.

கீழ்வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்கு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். இப்போது மாலை ஆறரை.

2024 நவம்பர் 17

ஐப்பசி மழைக்கு ஊரில் இருந்தேன். இந்த இழையில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இதில் வாதம் எதுவும் இல்லை.

முதல் மழை விழுந்து இருபது நாளில் கரிசல் காடு முழுக்கக் கீரை. யாரும் விதைக்காதது, களை என்று மருந்தடிப்பது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, குப்பைக்கீரை, வேலியில் முடக்கத்தான். ஆச்சிக்கு இதிலெல்லாம் கணக்கு உண்டு. பண்ணைக்கீரையைப் பூ வைக்கும் முன் கிள்ள வேண்டும். எல்லாவற்றையும் கலந்து கடைந்தால் கலவைக்கீரை. தட்டாம்பயறோ மொச்சையோ சேர்த்தால் அன்றைக்குக் குழம்பு தேவையில்லை. அம்மா குத்தமாட்டேன் என்றாளே தவிர கீரை பறிக்க என்னைவிட வேகமாக நடந்தாள். எனக்குக் களையாகத் தெரிந்ததில் அவள் ஏழு வகை எடுத்தாள். மடியில் சேர்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னாள், இரண்டை நான் மறந்துவிட்டேன்.

கொஞ்சம் கம்மஞ்சோறு, அதைப்போல இரண்டு மடங்கு கீரையும் பயறும், ஒரு துண்டு கருவாடு. 138. இதுவரை வந்ததிலேயே குறைவு. சோற்றைப் பற்றியே ஒன்பது மாதம் பேசிக்கொண்டிருந்தேன், தட்டில் மீதி என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. ஆச்சி சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டியது ஆரோக்கியத்துக்காக அல்ல. கீரைக்குக் காசு கிடையாது.

2024 நவம்பர் 18

வரகு எல்லாவற்றையும்விட உத்தமம், பச்சையாகவே முளைகட்டிச் சாப்பிடலாம் என்றவருக்கு: போன மாதக் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் பத்து யானைகள் வரகுக் காட்டில் மேய்ந்து செத்துப்போயின. ஈரத்தில் வரகுக் கதிரில் பூஞ்சை பிடித்தால் நஞ்சு சேரும். தின்ற மாடும் மனிதரும் மயங்குவதை விவசாயிகள் வெகுகாலமாக அறிவார்கள். நன்றாகக் காய்ந்த, பூஞ்சை பிடிக்காத வரகாகப் பார்த்து வாங்கி வேகவைத்துச் சாப்பிடுங்கள். முன்னோர் உணவு என்றால் முன்னோரின் எச்சரிக்கையும் சேர்த்துத்தான்.

2025 ஜனவரி 20

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். இரண்டு கரண்டி. கேட்காதீர்கள்.

பரிசோதனை முடிவு: மூன்று மாதச் சராசரி 6.7. எடை 74. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, டாக்டர்தான் குறைத்தார். எதனால் என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்வது கஷ்டம். மாத்திரையும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது. அலுவலகத்து வடை, இரண்டு டீ, பிஸ்கட் போய்விட்டன. சோற்றின் அளவு பாதியாயிற்று. தினம் ஒரு மணி நேரம் உரலோ நடையோ. கம்புக்கு இதில் எத்தனை பங்கு? என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. கம்பு இல்லாமல் இதெல்லாம் செய்திருந்தால் இதே எண் வந்திருக்குமோ என்னவோ. ஆனால் கம்பு இல்லாவிட்டால் இதில் எதையுமே தொடங்கியிருக்கமாட்டேன், அதுவும் நிஜம்.

இன்னொன்று. புணேயில் பல ஆண்டுகளாக நடக்கும் ஆய்வுகள், நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருக்கிறது என்கின்றன. கருவில் பட்டினி கண்ட உடம்புக்குப் பின்னால் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். ஆச்சி ஆனி ஆடியில் கிடந்த பட்டினியிலும் எனக்கு ஒரு பங்கு வந்திருக்கலாம். கம்பை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், பட்டினி வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை.

2025 மார்ச் 9

அரிசிதான் தமிழனின் ஆதி உணவு, அதைப் பழிக்காதே என்று ஒருவர் கொதித்திருக்கிறார். பழிக்கவில்லை ஐயா. ஒரு பழைய கதை சொல்கிறேன். நூறு வருடத்துக்கு முன் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளை வகைவகையாகப் பிரித்து, நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழு. சென்னை மாகாணத்துச் சாப்பாடு தின்றவை கடைசி வரிசை. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இதிலிருந்து ரொட்டிக்கு மாறுங்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தட்டில் பாலும் பருப்பும் காயும் இருந்தன, நம் தட்டில் சோறுதான் மலையாக இருந்தது. எலிக்கும் எனக்கும் அதே பாடம், அதற்கு அவர் எலிக்குச் செலவழித்த நாளைவிட நான் அதிகம் எடுத்துக்கொண்டேன்.

2025 அக்டோபர் 12

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுதும் நடத்திய பெரிய ஆய்வின் புதிய கட்டுரை வந்திருக்கிறது, நண்பர் ஒருவர் அனுப்பினார். நாம் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதில்லை, மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும், பருப்போ பாலோ அதன் இடத்தில் வர வேண்டும் என்கிறார்கள்.

2024 ஏப்ரல் 26 குறிப்பைப் பார்க்கவும். என் இடது கையும் ஒரு சென்சாரும் இதைச் சொல்லிவிட்டன என்று பெருமையடிக்க ஆசையாக இருக்கிறது. அவர்கள் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள், நான் ஒரு ஆள். ஆனாலும் முந்திக்கொண்டேன்.

2025 டிசம்பர் 14

இந்தப் புரட்டாசியில் ஊர் நிலத்தில் அரை ஏக்கர் கம்பு விதைத்தோம். "தோம்" என்பது மரியாதைக்கு, விதைத்தது பக்கத்து வீட்டுத் தம்பி. கதிர் பால் பிடித்திருக்கிறது. சூறைக்குருவிக் கூட்டம் வந்துவிட்டது. முந்நூறு நானூறு ஒன்றாக இறங்கி எழுந்தால் கதிர் வெறும் குச்சியாக நிற்கும். சுற்றிலும் யாரும் கம்பு போடவில்லை, மக்காச்சோளம்தான். அத்தனை குருவிக்கும் எங்கள் அரை ஏக்கர்தான் கல்யாண வீடு.

நேற்று மதியம் அம்மா ரேஷன் அரிசிச் சோறு, ரசம், அப்பளம். நான் கம்மஞ்சோறும் கீரையும், தட்டை அவளுக்குக் காட்டிக் காட்டிச் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கருவியை எடுத்தேன். என்ன தோன்றியதோ, இந்த முறை விரலை நீட்டிவிட்டாள். "ஆச்சிக்குப் பார்க்காததை எனக்குப் பார்த்துக்கொள்" என்றாள்.

71 வயது, 44 கிலோ, மூன்று வேளையும் அரிசி. 126.

கருவி சரியா என்று என் விரலையும் குத்தினேன். 151.

அவள் எண்ணைக் கேட்கவில்லை. குருவிச் சத்தம் கேட்டதும் எழுந்து, தகர டப்பாவையும் குச்சியையும் என் கையில் கொடுத்தாள். "போ, போய் விரட்டு. செருப்பைப் போட்டுக்கொண்டு போ."